புவியியல் தகவல் முறைமை

புவியியல் தகவல் முறைமை என்பது புவிப்பரப்பில் இடம் குறிக்கத்தக்க தரவுகளைச் சேகரித்து, கணினியில் சேமித்து, பகுப்பாய்ந்து, நிலப்படமாகக் காட்டும் முறைமை ஆகும். தமிழ்நாட்டில் இது ஜிஐஎஸ் என்ற ஆங்கிலச் சுருக்கத்தாலேயே பரவலாக அறியப்படுகிறது. நில அளவை, நகரத் திட்டமிடல், நீர்வள மேலாண்மை, வேளாண்மை, பொதுச் சுகாதாரம், பேரிடர் மீட்பு முதலிய பல துறைகளில் இது பயன்படுகிறது. கைபேசியில் வழிகாட்டும் செயலிகளுக்கு அடிப்படையாக அமைவதும் இந்நுட்பமே.

இத்துறையைக் கற்கத் தொடங்குவோரிற் பலர் மென்பொருளே கடினமான பகுதி என எண்ணுகின்றனர். உண்மையில் மென்பொருளின் கட்டளைகளைச் சில நாட்களில் பழகிக்கொள்ளலாம். தரவில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன, எந்த அளவுமுறையில் அமைந்தவை, எந்த ஆண்டுக்கு உரியவை என்பவற்றை அறிவதே கடினம். பிழையான தரவைக் கொண்டு வரையப்பட்ட நிலப்படமும் பார்வைக்குச் சரியான நிலப்படம் போலவே தோன்றும்.

நிலப்படமும் தரவுத்தளமும்

அச்சிட்ட நிலப்படத்தில் ஓர் ஏரி என்பது நீல நிறத்தில் வரையப்பட்ட உருவம் மட்டுமே. புவியியல் தகவல் முறைமையில் அதே ஏரி இரண்டு பகுதிகளாகச் சேமிக்கப்படுகிறது. முதலாவது, அதன் கரையைக் குறிக்கும் ஆள்கூறுகளின் வரிசை. இரண்டாவது, அவ்வுருவத்துடன் இணைக்கப்பட்ட அட்டவணை வரிசை. இதில் ஏரியின் பெயர், பரப்பு, கொள்ளளவு, ஆயக்கட்டு முதலியவை இருக்கும். இவை பண்புக்கூறுகள் எனப்படும்.

இவ்வாறு சேமிப்பதால் முறைமையிடம் வினாக்களை எழுப்ப முடிகிறது. "100 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் எவை?" என்ற வினாவுக்குச் சாதாரணத் தரவுத்தளமே விடை தந்துவிடும். "அவற்றுள் எவை நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளன?" என்பதற்கு அதனால் விடை தர இயலாது, ஏரி, சாலை ஆகிய இரண்டின் இடத்தையும் ஒப்பிட வேண்டும். இந்த இரண்டாம் வகை வினாவே இம்முறைமையின் சிறப்பு. ஏரிகள், சாலைகள், ஊர் எல்லைகள் என ஒவ்வொரு வகைப் பொருளும் தனித்தனி அடுக்காக வைக்கப்படும். ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

வரலாறு

இடத்தையும் நிகழ்வையும் இணைத்து ஆராயும் முறை கணினிக்கு முற்பட்டது. 1854 ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் ஜான் சுனோ இறந்தோரின் வீடுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் ஒரே நிலப்படத்தில் குறித்தார். இறப்புகள் பிராட் தெருவில் இருந்த கைக்குழாயைச் சுற்றிச் செறிந்திருந்தன. அருகிலேயே இருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர்களும், சொந்தக் கிணறு உடைய ஏழையர் விடுதியில் வாழ்ந்தோரும் பெரும்பாலும் தப்பினர். நோய் தீய காற்றால் பரவுகிறது என்று நம்பப்பட்ட காலத்தில், அது தண்ணீரால் பரவுகிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. இந்நிலப்படமே கொள்ளைநோயை நிறுத்தியது என்று பாடநூல்களில் சொல்லப்படுவது மிகை. 1854 செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற நிலப்படம் அதற்குப் பின்னரே வெளியிடப்பட்டது.

கணினி வழியான முதல் பெரிய முறைமை கனடாவில் உருவானது. அந்நாட்டின் நிலங்கள் வேளாண்மை, காடு, காட்டுயிர் முதலியவற்றுக்கு எவ்வளவு ஏற்றவை என மதிப்பிடும் திட்டத்திற்காக, 1960களில் ரோஜர் தாம்லின்சன் தலைமையில் கனடா புவியியல் தகவல் முறைமை அமைக்கப்பட்டது. அவர் இத்துறையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1965 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கணினி வரைவியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. 1969 இல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்ட எசுரி நிறுவனம் 1982 இல் ஆர்க்/இன்ஃபோ என்னும் வணிக மென்பொருளை வெளியிட்டது. அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர் பிரிவின் ஆய்வகத்தில் 1980களில் உருவான கிராசு மென்பொருள் இன்று கட்டற்ற மென்பொருளாக வளர்க்கப்பட்டு வருகிறது.

பொதுமக்களிடம் இந்நுட்பம் பரவியதற்கு 2000 ஆம் ஆண்டின் ஒரு முடிவு முக்கியக் காரணம். அதுவரை ஜிபிஎஸ் குறிகைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டு வந்த பிழையை அமெரிக்க அரசு அவ்வாண்டு மே மாதத்தில் நிறுத்தியது. அதற்கு முன் குடிசார் கருவிகளில் 100 மீட்டர் அளவுக்குப் பிழை நேரலாம். அதன்பின் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

தரவு வகைகள்

தரவுகள் வெக்டர், ராஸ்டர் என இருவகைப்படும். வெக்டர் தரவு புள்ளி, கோடு, பல்கோணம் ஆகியவற்றால் ஆனது. கிணறு புள்ளியாகவும், ஆறு கோடாகவும், மாவட்டம் பல்கோணமாகவும் குறிக்கப்படும். ஒரே பொருள் அளவுத்திட்டத்திற்கு ஏற்ப மாறலாம்: மாநிலப் படத்தில் புள்ளியாக இருக்கும் மதுரை, மாவட்டப் படத்தில் பல்கோணம் ஆகும்.

ராஸ்டர் தரவு சிறு கட்டங்களால் ஆனது. செயற்கைக்கோள் படங்களும் நில உயரத் தரவுகளும் இவ்வகையின. லேண்ட்சாட் படங்களில் பெரும்பாலான அலைவரிசைகளுக்கு ஒரு கட்டம் 30 மீட்டர் பக்கம் உடையது. 2015 முதல் ஏவப்பட்ட சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் சில அலைவரிசைகளில் அது 10 மீட்டர். இவற்றில் ஒரு தெருவையோ வீட்டையோ தேடிப் பயனில்லை. ஏரியின் நீர்ப்பரப்பு பருவந்தோறும் மாறுவதைக் காண இவை போதும்.

ஆள்கூற்று முறைகள்

தொடக்கநிலையில் நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை இப்பகுதியைக் கடந்து செல்வதால் நேர்பவை. புவியில் ஓர் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்னும் இரு கோணங்களால் குறிக்கலாம். ஆனால் இக்கோணங்கள் எந்த உருவத்தின்மீது, எந்த மையத்திலிருந்து அளக்கப்பட்டன என்று கூறாதவரை அவை ஓர் இடத்தை உறுதியாகக் குறிப்பதில்லை. புவி சரியான கோளம் அன்று. கணக்கீட்டு வசதிக்காக அது துருவங்களில் சற்றே தட்டையான நீள்வட்டகமாகக் கொள்ளப்படுகிறது. இந்நீள்வட்டகத்தையும் அது புவியோடு பொருத்தப்பட்ட விதத்தையும் சேர்த்து டேட்டம் என்பர்.

இந்தியாவின் பழைய நிலப்படங்களின் டேட்டம் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. வில்லியம் லாம்டன் 1802 ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண அளவைக்கு அடியிட்டார். அவருக்குப் பின் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெசுட்டு 1830 இல் கணித்த நீள்வட்டகம், இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. இலங்கையின் எஸ்எல்டி 99 தேசிய ஆள்கூற்று முறையும் எவரெசுட்டு நீள்வட்டகத்தின்மீதே அமைந்தது.

ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலகளாவிய டேட்டம் ஆகும். இதன் நிலநடுக்கோட்டு ஆரை 63,78,137 மீட்டர். எவரெசுட்டு நீள்வட்டகத்தின் ஆரை இதைவிட ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. எவரெசுட்டின் கணிப்பு இழிவானது என்று இதற்குப் பொருளில்லை. அது துணைக்கண்டத்தின் பரப்போடு நன்கு பொருந்துமாறு அமைக்கப்பட்டது. டபிள்யூஜிஎஸ் 84 புவி முழுமைக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. இரண்டின் மையங்களும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. இதன் விளைவாக, பழைய நிலப்படத்திலிருந்து எடுத்த அகலாங்கு நெட்டாங்குகளை மாற்றம் செய்யாமல் ஜிபிஎஸ் தரவோடு சேர்த்தால் சென்னைப் பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் இடம் விலகும். ஏரிக்கரை ஆக்கிரமிப்பு பற்றிய வழக்கில் இவ்விலகல் ஒரு வீட்டைக் கரையின் உட்புறமோ வெளிப்புறமோ தள்ளிவிடப் போதுமானது.

அடுத்த சிக்கல் அலகு பற்றியது. அகலாங்கும் நெட்டாங்கும் பாகையில் அமைந்தவை; தொலைவும் பரப்பும் மீட்டரில் தேவைப்படுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். துருவத்தை நெருங்க நெருங்க அது சுருங்கிச் சுழியாகும். ஆகவே வளைந்த பரப்பைத் தட்டையான தாளுக்கு மாற்றும் நிலப்பட எறியம் தேவை. எந்த எறியமும் பரப்பு, வடிவம், தொலைவு ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காப்பாற்றாது. இணைய நிலப்படங்களில் வழங்கும் மெர்காட்டர் எறியம் 60 பாகை அகலாங்கில் நீளத்தை இரு மடங்காகவும் பரப்பை நான்கு மடங்காகவும் பெருக்கிக் காட்டுகிறது. தமிழகத்தில் நீளம் இரண்டு மூன்று விழுக்காடே மிகுவதால் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதே இதில் இடர்.

உள்ளூர் அளவீடுகளுக்கு யுடிஎம் எறியம் ஏற்றது. இது உலகை 6 பாகை அகலமுள்ள 60 வலயங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டின் குறுக்கே 78 பாகை கிழக்கு நெட்டாங்கில் வலய எல்லை செல்கிறது. கோயம்புத்தூரும் திண்டுக்கல் நகரும் 43 ஆம் வலயத்தில் உள்ளன. மதுரை, திருச்சிராப்பள்ளி, சென்னை ஆகியவை 44 ஆம் வலயத்தில் உள்ளன. திண்டுக்கல்லையும் மதுரையையும் ஒரே ஆய்வில் சேர்ப்பவர் ஏதேனும் ஒரு வலயத்தைத் தேர்ந்து இரண்டையும் அதற்கே மாற்ற வேண்டும். இலங்கை முழுவதும் 44 ஆம் வலயத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு ஆள்கூற்று முறைக்கும் இபிஎஸ்ஜி எண் என்னும் அடையாள எண் உண்டு. டபிள்யூஜிஎஸ் 84 அகலாங்கு நெட்டாங்குக்கு 4326, யுடிஎம் 43 வடக்கு, 44 வடக்கு வலயங்களுக்கு 32643, 32644, இணைய மெர்காட்டருக்கு 3857 ஆகியவை தமிழ்நாட்டு மாணவருக்கு அடிக்கடி தேவைப்படும்.

மென்பொருட்கள்

தொடங்குவோருக்குக் கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் பரிந்துரைக்கத் தக்கது. கேரி செர்மன் 2002 இல் தொடங்கிய இத்திட்டம் லினக்சு, விண்டோசு, மேக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. தரவு பெருகும்போது போசுட்கிரெசு தரவுத்தளத்தின் நீட்சியான போசுட்ஜிஐஎஸ் பயன்படும். அலுவலகங்களில் எசுரி நிறுவனத்தின் மென்பொருட்கள் மிகுதியாக வழங்குகின்றன. அடிப்படைகளை அறிந்தவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பெரிய தடை அன்று.

ஒரு தொடக்கப் பயிற்சி

இந்தியாவின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 ஆம் ஆண்டு மாதிரி விதிகள், 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடைதொலைவுக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஓர் ஒன்றியத்தில் இந்த எல்லைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளைக் கண்டறிவதை நல்ல பயிற்சியாகக் கொள்ளலாம்.

முதலில் பள்ளிகளின் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றை விரிதாளில் எழுதிக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஆள்கூறுகளைப் பாகை, கலை, விகலை என எழுதாமல் பதின்மப் பாகையில் எழுதுவது நன்று. கோப்பை ஏற்றும்போது நெட்டாங்கு கிடை அச்சு என்பதை மறக்கக் கூடாது. பேச்சு வழக்கில் அகலாங்கு முதலில் வருவதால் இரண்டும் இடம் மாறுவது மிகப் பரவலான பிழை. அவ்வாறு மாறினால் சென்னைப் பள்ளிகள் ஆர்க்டிக்கில் சுவல்பார்டு தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். ஆள்கூறு விடுபட்டு சுழியாகப் பதிவான பள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடலில் தோன்றும். இவை கண்ணில் படுவதால் எளிதில் திருந்துபவை.

அடுத்து, அடுக்கை 4326 இலிருந்து உரிய யுடிஎம் வலயத்துக்கு மாற்ற வேண்டும். இங்கே இரு கட்டளைகள் குழப்பம் தருகின்றன. ஒன்று, தரவின் ஆள்கூற்று முறை இன்னது என்று அறிவிப்பது. மற்றொன்று, ஆள்கூறுகளையே புதிய முறைக்குக் கணித்து மாற்றுவது. மாற்ற வேண்டிய இடத்தில் அறிவிப்பது, விலைப்பட்டியலில் எண்களை அப்படியே விட்டு ரூபாய்க் குறியை மட்டும் டாலர்க் குறியாகத் திருத்துவதற்கு ஒப்பானது.

பின்னர் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1000 மீட்டர் சூழ்வலயம் வரைந்து, அதற்கு வெளியே விழும் குடியிருப்புகளைத் தெரிவுசெய்யலாம். மாற்றம் செய்யாத அடுக்கில் 1000 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 1000 பாகை எனக் கொண்டுவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னும் விடை முழுமையன்று. சூழ்வலயம் நேர்கோட்டுத் தொலைவைக் காட்டுகிறது. விதி கூறுவது நடைதொலைவை. ஆற்றுக்கு அக்கரையில் 600 மீட்டரில் உள்ள குடியிருப்பு வட்டத்துக்குள் விழுந்து "பள்ளி வசதி உள்ளது" எனக் கணக்கில் ஏறும். பாலம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அங்குள்ள குழந்தைக்கு அது பள்ளியே அன்று. இருப்புப்பாதை, மதில் சூழ்ந்த வளாகம் ஆகியவையும் இவ்வாறே. சாலைகள், நடைபாதைகள் அடங்கிய அடுக்கைச் சேர்த்து வலைப்பின்னல் பகுப்பாய்வு செய்தால் பட்டியல் மாறுவதைக் காணலாம். முதற்பட்டியலையும் இரண்டாம் பட்டியலையும் ஒப்பிடுவதே இப்பயிற்சியின் பயன்மிக்க பகுதி.

அட்டவணைகளை இணைத்தல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற அட்டவணைகளை நிலப்படத்தோடு இணைக்கப் பெயரைப் பயன்படுத்துவது தவிர்க்கத் தக்கது. ஒரே ஊரின் பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகிறது. தூத்துக்குடிக்கும் தஞ்சாவூருக்கும் ஆங்கிலேயர் இட்ட வடிவங்கள் இன்னும் பல கோப்புகளில் உள்ளன. கணக்கெடுப்புத் துறை வழங்கும் இடக் குறியெண்களைக் கொண்டு இணைப்பதே பாதுகாப்பானது.

எல்லை மாற்றங்களையும் கருத வேண்டும். 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. 2019 இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும் 2020 இல் மயிலாடுதுறையும் பிரிக்கப்பட்டதால் எண்ணிக்கை 38 ஆனது. 2011 அட்டவணையை 38 மாவட்டப் படத்தோடு இணைத்தால் புதிய மாவட்டங்கள் வெறுமையாக நிற்கும். வெறுமை கண்ணில் படும். ஆனால் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை, இன்றைய சிறிய திருநெல்வேலியின்மேல் ஏற்றப்பட்டிருப்பது கண்ணில் படாது.

தரவு மூலங்களும் உரிமையும்

லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவும் இலவசமே. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009 இல் புவன் தளத்தைத் தொடங்கியது.

இந்தியாவில் நிலப்படத் தரவு நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தது. எல்லைப்புற, கடலோரப் பகுதிகளின் நிலப்படத் தாள்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பது அரிது. 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பாதுகாப்புப் பயன்பாட்டுக்கு ஒரு வரிசையும் பொதுப் பயன்பாட்டுக்கு டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில் மற்றொரு வரிசையும் வகுத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதித் தேவையைப் பெருமளவு நீக்கின.

தன்னார்வலர் தொகுக்கும் திறந்த தெரு நிலப்படத் திட்டத்தை 2004 இல் இங்கிலாந்தில் சிடீவ் கோசுட்டு தொடங்கினார். மூலத்தைக் குறிப்பிட்டு, ஒத்த உரிமத்தில் பகிரும் நிபந்தனையுடன் இதன் தரவை எவரும் பயன்படுத்தலாம். 2010 சனவரி 12 அன்று எயிட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்சுக்குப் போதிய எண்ணிம நிலப்படம் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களிலேயே தெருக்களை வரைந்தனர். மீட்புக் குழுக்கள் அதைத் தம் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிப் பயன்படுத்தின. வணிக நிறுவனங்களின் இணைய நிலப்படத்தைப் பார்த்துப் படியெடுத்து இத்திட்டத்தில் சேர்ப்பது உரிம மீறல் ஆகும். புதியவர் பலர் அறியாமலே இதைச் செய்துவிடுகின்றனர்.

தமிழில் பயன்பாடு

பழைய தமிழ்த் தரவுகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களைச் சார்ந்தோ, திஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களிலோ அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப் பெயர்கள் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றும். ஆய்வைத் தொடங்கும் முன் இவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும்.

சேப்ஃபைல் என்னும் பழைய கோப்பு வடிவம் இன்றும் மிகப் பரவலாக வழங்குகிறது. இது உண்மையில் ஒரே பெயருடைய பல கோப்புகளின் தொகுதி. உருவம், சுட்டி, அட்டவணை ஆகிய மூன்றும் கட்டாயம். ஆள்கூற்று முறையைக் கூறும் நான்காம் கோப்பு கட்டாயம் அன்று என்பதால் மின்னஞ்சலில் அனுப்பும்போது அதுவே பெரும்பாலும் விடுபடுகிறது. இவ்வடிவத்தில் அட்டவணைத் தலைப்புக்கு 10 பைட்டுகளே இடம் உண்டு. ஆங்கிலத்தில் அது பத்து எழுத்து. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால், "மக்கள்தொகை" என்னும் தலைப்பு "மக்" என்று வெட்டுப்படும். "மக்கள் அடர்த்தி" என்பதும் அதே "மக்" ஆகிவிடும். இத்தடை இல்லாத ஜியோபேக்கேஜ் வடிவம் 2014 இல் தரமாக வெளியிடப்பட்டது. தமிழ்த் தலைப்புகள் வேண்டுவோர் அதையே பயன்படுத்தலாம்.

திறந்த தெரு நிலப்படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மொழிவாரியாகப் பெயர் சேர்க்கும் வசதி உண்டு. இதை நிரப்ப ஆங்கில எழுத்திலிருந்து எந்திரமுறையில் பெயர்த்தால் பழனி "பலனி" ஆகும். கீழ்ப்பாக்கம் "கில்பாக்" ஆகும். ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் ஆங்கில எழுத்தில் ஏற்கெனவே அழிந்துவிட்டவை. நிரல் எழுதி அவற்றை மீட்க முடியாது. ஊர்ப் பெயர்ப்பலகை, ஊராட்சி ஆவணம், அவ்வூரார் எழுதும் வழக்கு ஆகியவற்றைப் பார்த்தே சேர்க்க வேண்டும். பெரிய நகரங்களுக்கு இப்பணி எளிது. சிற்றூர்களையும் குடியிருப்புகளையும் பொறுத்தவரை, அவ்விடத்தை நேரில் அறிந்த ஒருவர் எழுதிச் சேர்க்கும் வரை சரியான தமிழ்ப் பெயர் நிலப்படத்தில் ஏறுவதில்லை.